பதினொரு மரங்களும் டிராம் நைனாவும்

ஒரு மரத்தின் பெயரும் தெரியாமல், மரம் காட்டியே பேர் வாங்கிய மனிதர் சென்னைப் பட்டணத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் டிராம் நைனா. சொந்தப் பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாது. எல்லோரையும் அவர் 'நைனா' என்று கூப்பிட்டார். நாங்கள் அதையே அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இருபத்தெட்டு வருஷம் டிராமில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விஷயத்தை அவரிடம் யாரும் சரியாக எடுத்துச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரைக் காலி செய்து ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துகொண்டிருந்த சமயம் அது. நானும் என் மனைவி கமலமும் நாலு வயதுப் பெண் வசந்தாவும் தியாகராய நகரில் குடியேறினோம். இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னப் பார்க். பதினொரு மரங்கள், நாலு பெஞ்சு, மாலை ஆறு மணிக்குப் பாட ஆரம்பிக்கும் ரேடியோ. ஒரு சுற்று சுற்றி வர ஏழு நிமிஷம் போதும். நைனாவோடு சுற்றினால் அரை மணி.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு அவர் பார்க் வாசல் கேட்டில் நிற்பார். காக்கிக் கோட்டு, அதில் மிச்சமிருந்த மூன்று பொத்தான்களும் பளபளக்கும். கையில் பித்தளை மணி. குடும்பம் குடும்பமாக நாற்பது பேர் சேர்ந்துவிடுவார்கள். மணி இரண்டு தட்டு தட்டினால் புறப்பாடு. ஒரு தட்டு என்றால் எல்லோரும் மரத்தடியில் நிற்க வேண்டும்.

"உள்ள போ, உள்ள போ! நடுவுல எடம் கீது பாரு!" என்பார்.

நாலு பக்கமும் வெட்டவெளி. இருந்தாலும் நாங்கள் நெருக்கியடித்துக்கொண்டுதான் நிற்போம். பாத்தி ஓரத்துச் செங்கல்மேல் குழந்தைகள் ஏறினால், "ஃபுட்போர்டுல நிக்காத! உயுந்தா கம்பெனி பொறுப்பில்ல!" என்று அதட்டல். எங்கள் எதிர்வீட்டு ரிடையர்டு சப்-ஜட்ஜ் ஒருநாள் தாமதமாக வந்து, அங்கவஸ்திரம் பறக்கப் பின்னால் ஓடி வந்தார். நைனா நிறுத்தவில்லை. "அடுத்த ஸ்டாப்பிங்ல ஏறிக்க சாமி!" என்று சொல்லிவிட்டு நடந்தார். கோர்ட்டில் எத்தனையோ பேரை நிற்க வைத்த மனிதர், மூன்றாவது மரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிக்கொண்டார்.

மரங்களுக்கு நைனா தாமே பெயர் வைத்திருந்தார். முதல் மரம் ஆபீசர் மரம். "சாயங்காலம் ஆச்சின்னா எலைய மூடிக்கினு பூடும். நீ இன்னா கத்துனாலும் தொறக்காது." காய்ந்த காய்கள் கலகலக்கும் இரண்டாவது மரம், கவுன்சிலர் மரம். "காத்தடிச்சா பேசும். கிட்ட போயி கேட்டா ஒண்ணியும் இருக்காது." நெட்டையாக நிற்கும் மூன்றாவது, மாப்பிள்ளை மரம். "நெயலும் குடுக்காது, துன்றதுக்குப் பயமும் குடுக்காது. சோக்கா நிக்கும், அவ்ளோதான்." ஒரு நிஜக் கவுன்சிலர் மாப்பிள்ளையோடு வந்திருந்த அன்றும் நைனா ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள்.

கமலம் அதுவரை கோயிலைத் தவிர எங்கும் போகாதவள். இந்த அரை மணிக்காக ஞாயிறன்று மூன்று மணிக்கே தலை பின்னிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

இப்படி இருக்கும்போது சப்-ஜட்ஜ் வீட்டுக்கு அவருடைய மைத்துனர் வந்தார். திருச்சியில் தாவர சாஸ்திரப் பேராசிரியர். அவரையும் ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்துவிட்டார்கள்.

முதல் மரத்தடியில் மணி ஒரு தட்டு. "இது ஆபீசர் மரம்" என்றார் நைனா.

"தவறு" என்றார் பேராசிரியர். "இது தூங்குமூஞ்சி மரம்."

"இல்லை, ஆபீசர் மரம்" என்றாள் என் பெண் வசந்தா. அவள் வாயைக் கமலம் பொத்தினாள்.

பேராசிரியர் விடவில்லை. லத்தீன் பெயரைச் சொன்னார். அது அவரைக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்தது, அயல்நாட்டிலிருந்து வந்தது என்றார். இரண்டாவது மரத்துக்குக் கவுன்சிலர் என்று பெயர் கிடையாது, அது வாகை என்று தூரத்திலிருந்தே கை நீட்டிச் சொன்னார். பொதுஜனங்களுக்குத் தவறான தகவல் தருவது சரியல்ல என்றும் சொன்னார். எல்லாம் உண்மை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நைனா கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தார். பிறகு மணியைப் பேராசிரியரின் கையில் வைத்தார். "நீயே ஓட்டு நைனா" என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

பேராசிரியர் ஓட்டினார். ஆறு மணிக்கு ரேடியோ பாட ஆரம்பித்தபோது நாங்கள் இன்னும் முதல் மரத்தடியில்தான் இருந்தோம். அடுப்பில் பால் இருப்பது ஒருவருக்கு ஞாபகம் வந்தது. உடனே பலர் வீட்டு அடுப்பிலும் பால் இருந்தது தெரியவந்தது. கடைசிவரை நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் சப்-ஜட்ஜ்; மைத்துனரை விட்டுவிட்டு வர முடியாது. இன்னொன்று ஓர் ஆடு. அது உதிர்ந்த காய்களைத் தின்றுகொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு பேராசிரியர் ஊரில் இல்லை. நைனாவும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நாற்பது பேர் கேட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். பார்க் திறந்துதான் கிடந்தது. உள்ளே போகத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

சப்-ஜட்ஜ் கொடுத்தனுப்பிய மணியை எடுத்துக்கொண்டு நான் கோடம்பாக்கத்தில் நைனா வீட்டுக்குப் போனேன்.

"கோவம் இல்ல நைனா" என்றார். "இருவத்தெட்டு வருசம் 'மயிலாப்பூர்'னு கத்துனா மயிலாப்பூர் வந்துது. இல்லாத ஊரு பேர ஒரு நாள் கத்துனது கெடையாது. இங்க மட்டும் வாய்க்கு வந்தத கத்திக்கினு இருந்துட்டேனே. புள்ளைங்களும் நம்பிடுச்சிங்க."

மணியை அவர் வாங்கவில்லை. மணியோடு வீட்டுக்கு வந்து கமலத்திடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரேஷன் அரிசி, கல்லில் அரிசி பொறுக்குவதுதான் சுலபம்.

"நம்ம வசந்தாவை ஆத்துல பாப்புன்னுதானே கூப்பிடறோம்?" என்றாள் நிமிராமல். "அது பொய்ப் பேரா? பள்ளிக்கூடத்துல ஒரு பேர், ஆத்துல ஒரு பேர். மரத்துக்கு மட்டும் இருக்கப்படாதா? போய்ச் சொல்லுங்கோ."

மறுபடி மணியோடு கோடம்பாக்கம். நைனாவிடம் அப்படியே சொன்னேன். "யார் சொன்னது?" என்றார். "என் சம்சாரம்" என்றேன். எழுந்து போய்க் காக்கிக் கோட்டை எடுத்து உதறினார். பிறகு சப்-ஜட்ஜ் மூலம் திருச்சிக்குக் கடிதம் போட்டு, பதினொரு மரங்களின் பெயர்களையும் வரவழைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பேராசிரியர் எட்டுப் பக்கம் எழுதியிருந்தார்.

வந்த ஞாயிறு, மணி ஒரு தட்டு. "சர்க்கார் பேரு தூங்குமூஞ்சி. வூட்டுப் பேரு ஆபீசர். அவரைக்காய்க்கு இது பெரியப்பா மொறை. எல்லாம் திருச்சி புரொபசர் சார் எயுதி அனுப்பிச்சது. ரைட், உள்ள போ!" நாற்பது பேரும் கை தட்டினோம். வண்டி அரை மணியில் சுற்றி முடித்தது.

அந்த ஐப்பசி மழையில் கமலத்துக்கு டைபாயிடு கண்டது. வாசல் அறை ஜன்னலோரம் கட்டில். பார்லிக் கஞ்சி. வீட்டுக்குள் யாரையும் விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நாலாவது வாரத்தில் ஜுரம் இறங்கியது. ஆனால் அவள் பேசுவதில்லை. சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருப்பாள்.

ஒரு ஞாயிறு மாலை எங்கள் தெருவில் மணிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நைனா முன்னால் வர, சப்-ஜட்ஜ் உட்பட நாற்பது பேரும் சேற்றில் கால் வைத்து வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரம் ஒன்று இருந்தது. அதற்கு நேரே மணி ஒரு தட்டு.

கமலம் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

முருங்கை மரத்தைப் பற்றிச் சொல்ல இரண்டு நிமிஷத்துக்கு மேல் விஷயம் கிடையாது. எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். நைனா உரத்த குரலில் கால் மணி நேரம் பேசினார். ஜன்னல் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.