பேக்கப் அண்ணன் அழித்தது

உலகமே அழிந்துபோனாலும் அதை மறுபடி எடுத்துத் தரக்கூடிய ஒரே மனிதர் குளுவாங்கில் இருக்கிறார். தருவாரா என்பதுதான் சந்தேகம்.

அவர் பேக்கப் அண்ணன். பெற்றோர் வைத்த பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு வார இறுதி வகுப்பு. தரவுத்தள நிர்வாகமும் தரவுக் கிடங்கும் பாடம். தலை நரைத்த என்னை அங்கே அனுப்பியவர், கூலாயில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் முதலாளி. "பாஸானா கம்ப்யூட்டர் பிரிவு. இல்லன்னா பழையபடி ஸ்டோர்ல பெட்டி தூக்கு" என்று வாழ்த்தியிருந்தார்.

பேக்கப் அண்ணன் பையில் இரண்டு குடை, இரண்டு மூக்குக்கண்ணாடி, இரண்டு நாசி லெமாக் பொட்டலம். ஒன்றைச் சாப்பிடுவார், மற்றது பத்திரமாக வீடு திரும்பும். வகுப்பில் எல்லாருடைய வேலையையும் கேட்டு வாங்கி நகலெடுத்து, துண்டில் சுற்றிய ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருப்பார்.

"அண்ணே, இதுலருந்து எப்பவாச்சும் திருப்பி எடுத்துப் பார்த்திருக்கீங்களா?"

"என்னா பாஸ் பேசுறீங்க? எடுத்து வச்சது எடுக்கறதுக்கா? வச்சிருக்கறதுக்கு லா!"

செயல்முறைத் தேர்வு வந்தது. ஒரு மினி மார்க்கெட்டின் விற்பனைக் கணக்கைத் தரவுக் கிடங்கில் ஏற்றி, எந்த மாதம் எது விற்கிறது என்று காட்ட வேண்டும். எனக்கு முன்னால் ஒருவர்தான் பாக்கி. சோதனைக்காகப் போட்ட ஒரே ஒரு வரியை நீக்கலாம் என்று போனேன். எந்த வரி என்று சொல்ல மறந்து, அழி என்று மட்டும் கட்டளையிட்டேன். கணினி கீழ்ப்படிந்தது. மொத்த விற்பனையும் காலி.

திரையைத் துடைத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். விற்பனை வரவில்லை. மயங்கி விழலாமென்று பார்த்தால் தரையெல்லாம் வயர்.

"அண்ணே! என் காப்பி!"

"இருக்கு."

"குடுங்கண்ணே!"

"நடுவுல கரண்ட் போயி அது கெட்டுப்போச்சுன்னா? இருங்க பாஸ், மொதல்ல அதுக்கு ஒரு காப்பி எடுத்துக்கறேன்."

எடுக்கப் பார்த்தார். "அலமாக்! டிஸ்க்ல எடமில்ல."

"எதையாச்சும் அழிங்கண்ணே!"

செருப்போடு கருவறைக்குள் போகச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார். அதற்குள் முன்னவர் முடித்துவிட்டார். "நெக்ஸ்ட்!" என்றார் தேர்வு நடத்திய ஆசிரியையம்மா, எங்கள் புவான். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, பெட்டி தூக்கும் முதுகு தெரிந்ததோ, பேக்கப் அண்ணன் கண்களை இறுக மூடிக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்தினார். இடம் கிடைத்தது. நகலுக்கு நகல் விழுந்தது. பிறகுதான் என் விற்பனை என்னிடம் திரும்பி வந்தது.

பண்டிகை மாதத்தில் பிஸ்கட் டின் அதிகம் விற்கிறது என்ற மாபெரும் உண்மையைப் புவானுக்கு வண்ணப் படங்களோடு நிரூபித்தேன். தேர்வில் பாஸ் என்றார்.

துள்ளிக்கொண்டு திரும்பினால், அண்ணன் ஹார்ட் டிஸ்க்கின்மேல் கை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"எதையண்ணே அழிச்சீங்க?"

"விடுங்க பாஸ். போயி சாப்புடுங்க."

எல்லாரும் கேன்டீனுக்குப் போனார்கள். நான் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அவர் எழுந்திருக்கும்வரை நானும் எழுந்திருக்கவில்லை.