பெரியகுளத்துப் பக்கமிருந்து வந்த வேன்

அனுமந்தன்பட்டி,
3.9.2001.

வணக்கத்திற்கும் அன்பிற்கும் உரிய சின்ன மாமா அவர்களுக்கு, யுவராணி எழுதிக்கொண்டது. அங்கே மலையில் மழையும் அட்டையும் குறைந்து, ஏலக்காய் எடுப்பு நல்லபடியாக நடக்கிறதா? உங்கள் முழங்கால் வலி தேவலையா? இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதி முடிப்பதற்குள் அப்பா தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "எந்த ஊர்ல நலம்? அத அடி" என்றார். அடித்துவிட்டேன். அடித்த இடத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். மூன்று பேரும் உயிரோடுதான் இருக்கிறோம்.

என் நிச்சயம் பேச அடுத்த வாரம் கீழே இறங்கி வருவதாகச் சொல்லியிருந்தீர்களே, வர வேண்டாம். ஜீப்புக்குச் சொல்லியிருந்தால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். இது அப்பாவின் முடிவு. அம்மா அழுதுகொண்டே தலையாட்டினாள். என்னை யாரும் கேட்கவில்லை. என்ன நடந்தது என்பதை நீங்கள் வேறு யார் வாயாலும் கேட்கும் முன்பு நானே எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் எங்கள் தெருவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எனக்கு வரும் தபாலைக்கூட முனையில் டீக்கடை வைத்திருக்கும் சுருளி அண்ணன்தான் முதலில் வாங்கி, கையில் எடை பார்த்துவிட்டு, "கனமா இருக்குப்பா, வேலைக்கு உத்தரவா இருக்கும்" என்று நாலு பேரிடம் சொல்லி அனுப்புவார். போன தடவை சின்னமனூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்களே, அவர்களிடம் பக்கத்து வீட்டுச் சோணையம்மா அக்கா என்னைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசினார். "எங்க யுவராணி மாதிரி வருமா? அடுப்புல சோறு கருகி, பொகை கூரைய முட்டுனாலும் புஸ்தகத்துல இருந்து தலையத் தூக்க மாட்டா!" வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். "நான் ஒண்ணும் கொறையாச் சொல்லலியே" என்று அக்கா ஒரு வாரம் சாப்பிடாமல் வருந்தினார். அதனால்தான் இந்த முறை நான் ஒரு நிபந்தனை போட்டேன். மாப்பிள்ளை வீட்டார் வருவது தெருவில் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது.

இன்னொன்றும் உங்களிடம் மட்டும் சொல்கிறேன் (அப்பா இப்போது குளிக்கப் போயிருக்கிறார்). இந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. தரகர் கொண்டுவந்த போட்டோவில் திலீபன் என்கிற அந்தப் பெரியகுளத்துப் பக்கத்து மனிதர் சட்டைப் பட்டனை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். போட்டோ எடுக்கிற நாளில்கூடத் தன்னைக் கவனிக்காதவர், கருகிய சோற்றையும் பெரிதாகக் கவனிக்க மாட்டார் என்று தோன்றியது. போட்டோவை அம்மாவிடம் திருப்பிக் கொடுக்க நான் மறந்துவிட்டேன். அம்மாவும் கேட்க மறந்துவிட்டாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வர வேண்டும். விடியும்போது எதிர்வீட்டு மொக்கம்மாள் பெரியம்மா இறந்துபோனார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். தினமும் சாயங்காலம் எதிரே நின்று, "ஏ புள்ள யுவராணி, லைட்டப் போட்டுப் படி, கண்ணு போச்சுன்னா புஸ்தகமா வந்து சோறு போடும்?" என்று சத்தம் போடுகிறவர் அவர். நான் அழுதேன். அழுதுகொண்டே கடிகாரத்தையும் பார்த்தேன். இரண்டையும் ஒரே முகத்தால் செய்ய முடிகிறது மாமா. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா பூத்துக்கு ஓடி மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டார். எடுக்க ஆளில்லை. வீரபாண்டி கோயிலுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லியிருந்தார்கள், அதனால் விடியுமுன்னே கிளம்பிவிட்டார்கள் போல. சரி, தெருமுனையில் நின்று வேனை மறித்து, கேதம் நடந்துவிட்டது, இன்னொரு நாள் வாருங்கள் என்று திருப்பி அனுப்பலாமென்றால், முனையில் சுருளி அண்ணன். "என்ன சித்தப்பா, யாரப் பாத்து நிக்கிறீக?" என்று அவர் கேட்கும் ஒவ்வொரு முறையும் அப்பா ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பினார். எங்கள் வீட்டில் இப்போது தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. அம்மாவின் பாடு அதைவிட மோசம். தெருவில் பிணம் கிடக்கும்போது எந்த வீட்டிலும் அடுப்புப் பற்ற வைக்க மாட்டோம் அல்லவா? அவளோ சேதி தெரிவதற்கு முன்பே எழுந்து கேசரி கிண்டி முடித்திருந்தாள். வாசம் வெளியே போகக் கூடாதென்று சாக்கை நனைத்துக் கதவிடுக்கில் திணித்தாள். அப்படியும் சோணையம்மா அக்கா பின்பக்கமாக வந்து மூக்கை உறிஞ்சி, "என்ன மதினி, நெய் வாசம் அடிக்குது?" என்றார். "சாமிக்கு வெளக்குப் பொருத்துனேன்." "கேத நேரத்துலயா?" அம்மா சேலைத் தலைப்பை வாயில் பொத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். அக்காவும் கூட அழுதார். கேசரி தப்பித்தது.

பத்து மணிக்குள் எடுத்துவிடுவார்கள், வேன் வருவதற்குள் தெரு கழுவி விட்டாகிவிடும் என்று அப்பா கணக்குப் போட்டிருந்தார். அதிலும் மண் விழுந்தது. பெரியம்மாவின் புருஷன் ராக்கையா பெரியப்பா தூணைப் பிடித்துக்கொண்டு, "அவ பெறந்த வீட்டுக் கோடி வராம எடுக்க விடமாட்டேன். கொட்டும் அடிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். சுமங்கலியாகப் போனவருக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடியாகப் புதுச்சேலை, பூ, மஞ்சள், குங்குமம், வளையல் எல்லாம் தாம்பாளத்தில் வந்து மேலே சாத்தினால்தானே வழியனுப்பியதாகும்? பெரியம்மாவின் பிறந்த வீடு பெரியகுளம் பக்கம் ஜெயமங்கலம். ஒரு காதுகுத்தில் அவர்களை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு போனவர்கள், நான் பிறந்ததிலிருந்து இந்தத் தெருவை மிதித்ததில்லை. காலையிலேயே ஆள் அனுப்பியாகிவிட்டது. போனவர் தனியாகத் திரும்பி வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. "ஏப்பா, பொணத்த வச்சுக்கிட்டுப் பிடிவாதம் பிடிக்கலாமா?" என்று ஒருவர் சொல்ல, "ஒம் பொண்டாட்டிய அனாதையா அனுப்புவியா நீ?" என்று பெரியப்பா திருப்பிக் கேட்டார். அழுது அழுது பெண்களுக்குத் தொண்டை கட்டிப்போய், தெருவே சத்தமில்லாமல் கிடந்தது. பெரியப்பாவைச் சமாதானப்படுத்த அப்பாவைக் கூட்டிப்போய், அப்படியே அவர் பக்கத்தில், துக்கம் கேட்டு வருகிறவர்கள் தொட்டுப்போகக் கை நீட்டி நிற்கும் வரிசையில் நிறுத்திவிட்டார்கள்.

அப்போதுதான் வேன் வந்தது. முனையில் டிரைவர் தலையை நீட்டி, "பெரியகுளத்துப் பக்கமிருந்து வாரோம்" என்றாராம். அவ்வளவுதான் சொன்னாராம். "அதக் கேட்டதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு" என்று சுருளி அண்ணன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். "அந்தா, சாமியானா போட்ட வீடு" என்று கை காட்டியது மட்டுமில்லாமல், வேனுக்கு முன்னால் ஓடிவந்து, "கோடி வந்துருச்சு! பெறந்த வீட்டாளுக வந்துட்டாக!" என்று தெரு அதிரக் கத்தினார். வேனுக்குள் இருந்தவர்களுக்கு அது காதில் விழுந்ததா, விழுந்தும் விளங்கவில்லையா, தெரியாது. சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், வரிசையாக நிற்கும் ஆம்பளைகள், இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பெண் வீட்டார் தடபுடலாகத்தான் ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று இறங்கிவிட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு கையையும் நீட்ட, வந்தவர்களும் என்ன மரியாதையான ஊர் என்று ஒவ்வொரு கையாகத் தொட்டுக்கொண்டே வந்தார்கள். மாப்பிள்ளையை அப்பாவுக்குப் போட்டோவில் தெரியும். அவர் கை அப்பாவின் கையைத் தொட்டபோது அப்பாவுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. "பாவம், எதுத்த வீடு, பழகுன பாசம்" என்று பக்கத்தில் நின்றவர் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

நான் ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரு அகலம் உங்களுக்குத் தெரியும். வாயைத் திறந்து ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். மாப்பிள்ளையின் அம்மா சந்தனம்மாள், கையில் தாம்பாளத்துடன் வாசல் தாண்டி உள்ளே போனார். எனக்கென்று எடுத்த அரக்குப் பட்டு, பூ, பழம், மஞ்சள், குங்குமம், வளையல். உள்ளே போனவர் நின்றுவிட்டார். திறந்த கதவு வழியாக அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு எல்லாவற்றையும் புரிந்துகொண்டது என்று நான் சத்தியம் செய்வேன். அதற்குள் பெண்கள் எழுந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கட்டின தொண்டையைத் திறந்து அழத் தொடங்கிவிட்டார்கள். பெரியப்பா ஆட்களை விலக்கிக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்தார். "வந்துட்டியாத்தா? இத்தன வருசங் கழிச்சாச்சும் வந்துட்டியா? அவ பாத்துக்கிட்டே கெடந்தாத்தா" என்றார். மாமா, இப்போது அந்த அம்மா, "ஐயா, நாங்க வேற வீட்டுக்கு வந்தவுக" என்று சொல்லப் போகிறார், தெரு முழுக்க என் பக்கம் திரும்பப் போகிறது, பெரியப்பா அங்கனயே விழப் போகிறார் என்று நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சந்தனம்மாள் தாம்பாளத்தை ஒரு தரம் பார்த்தார். "வந்துட்டோம்ணே" என்றார்.

அப்புறம் எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. பட்டைப் பிரித்துப் பெரியம்மா மேல் சாத்தினார்கள். கொட்டு அடித்தார்கள். பிறந்த வீட்டுப் பிள்ளை என்று திலீபன் தோளில் ஒரு துண்டைப் போட்டுப் பாடையின் முன்பக்கம் நிறுத்தினார்கள். அவர் ஒருமுறை தன் அம்மாவைப் பார்த்தார், பிறகு குனிந்து தூக்கினார். எங்கள் வாசலைக் கடக்கும்போது தலை நிமிரவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவரை நான்தான் பார்த்தேன். எனக்கு வாங்கிய சேலையில் பெரியம்மா போனார். அவருக்கு அந்த நிறம் நன்றாகத்தான் இருந்தது.

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்ததும் வேன் கிளம்பிவிட்டது. கேத வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது அல்லவா, அவர்களும் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்கள். அது முறைப்படி சொல்லாமல் போனதா, எங்கள் சங்காத்தமே வேண்டாமென்று சொல்லாமல் போனதா என்று நேற்றிலிருந்து வீட்டில் ஓயாத விவாதம். "அது முடிஞ்சு போச்சு" என்கிறார் அப்பா. "பொண்ணுக்கு எடுத்த சேலை பொணத்துக்குப் போயிருச்சு. எந்தத் தாய் அதுக்குப் பெறகு திரும்பி வருவா?" அம்மாவுக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே அழுகை. போன் போட்டுக் கேட்கவும் அப்பா மறுக்கிறார். என்னவென்று கேட்பது? தெருவில் இன்னும் யாருக்கும் உண்மை தெரியாது. தெரிந்தால் பெரியப்பாவின் மனசு என்ன ஆகும் என்று நாங்கள் மூன்று பேரும் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறோம். போட்டோவை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே மாமா, நீங்கள் வர வேண்டாம், வருத்தப்படவும் வேண்டாம். எனக்கு ஒன்றுமில்லை. நிறையப் படிக்க இருக்கிறது. அத்தைக்கு என் வணக்கம். விஷால் கணக்கில் தேறினானா என்று கேட்டதாகச் சொல்லவும். சுருளி மலைச் சாமி உங்களையும் தோட்டத்தையும் காப்பாற்றட்டும்.

என்றும் தங்கள் அன்புள்ள மருமகள்,
யுவராணி.

பி.கு.: மாமா, செவ்வாய்க்கிழமை எழுதுகிறேன். மேலே எழுதியதை நம்ப வேண்டாம். இன்று காலை சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கப் போகும் நேரத்துக்கு சந்தனம்மாள் செம்பில் பாலோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். கோடி போட்டவர்கள் பாலுக்கு வராமல் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்றாராம். ராக்கையா பெரியப்பா அவரை உட்கார வைத்துவிட்டு, தெருவே கேட்க, "ஏத்தா, நீங்க எதுத்த வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்த ஆளுகதான?" என்று கேட்டார். நான் ஜன்னலை விட்டு இறங்கி வாசலுக்கே போய்விட்டேன்.

"ஆமாண்ணே. எப்பிடித் தெரியும்?"

"என் மச்சினன் பொண்டாட்டி அவளுக்குப் போயிப் பட்டுச்சேல எடுப்பாளா? தாம்பாளத்தப் பாத்ததுமே தெரியும். ஒம் மகன் கையத் தொட்டதும் எதுத்த வீட்டுக்காரன் நடுங்குனதையும் பாத்தேன். நான் நடிச்சேன். நீ ஏன் ஒண்ணுஞ் சொல்லல?"

"நீங்க கையப் பிடிச்சுட்டீகளேண்ணே. எங்கிட்டுப் போறது?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். கேத வீட்டில் சிரித்ததற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சோணையம்மா அக்கா அங்கனயே விரல் விட்டு உறவு எண்ணி, கோடி போட்டதனால் சந்தனம்மாள் எனக்கு அத்தை முறை, அத்தை மகனைக் கட்டிக்கொள்வதில் ஒரு கோளாறும் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். சந்தனம்மாளோ எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமலே, "கருமாதி கழியட்டும்ணே, வேற சேல எடுத்துக்கிட்டு வாரோம். அதுவரைக்கும் பிள்ளைய வேற யாருக்கும் காட்டிராதீக" என்று பெரியப்பாவிடம் சொன்னார். அம்மா போட்டோவை மறுபடி என் மேஜையில் வைத்திருக்கிறாள். எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை.

எனவே கருமாதி முடிந்த கையோடு அவசியம் கிளம்பி வாருங்கள். எந்த பஸ், எத்தனை மணி என்று எனக்கு எழுத வேண்டாம், சுருளி அண்ணன் கடைக்குப் போன் பண்ணினாலே போதும். நிறுத்தத்திலிருந்து உங்களை அழைத்து வர ஒருவரை மட்டும் அனுப்பும்படி கெஞ்சிப் பார்த்தேன். தெருவே வரப் போகிறதாம்.