செபாஸ்தியம்மாள் ஓய்வு பெறுகிறார்

திண்டுக்கல்
2.8.1998, ஞாயிறு

பெருமதிப்பிற்குரிய பெலிக்ஸ் மச்சான் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் ஞானராஜ் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மானத்துக்குத்தான் ஒரு வாரமாகச் சுகமில்லாமல் இருந்து, இரண்டு நாளாகத் தேறி வருகிறது. தூத்துக்குடியில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் புது வீட்டில் குறைவில்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு மந்திரிப்புக்கு நான் வராததில் தங்களுக்கு வருத்தம் என்று ரூபி சொன்னாள். "சாமியார் வந்து ஜெபம் ஆரம்பிச்ச பெறகும் எங்கண்ணன் வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஆபீசுல வேலைன்னு சொன்னேன். அம்புட்டு என்ன வேலைன்னு கேட்டுச்சு. எனக்கே தெரியல" என்றாள். அம்புட்டு என்ன வேலை என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறேன். படித்த பிறகும் கோபம் இருந்தால் அது நியாயமான கோபம் என்று ஏற்றுக்கொள்கிறேன்.

நான் வேலை பார்க்கும் பெரியாஸ்பத்திரியில் ஜூன் மாதம் தலைமை மாறியது. பழைய சூப்பிரண்டன்ட் போய், ஒட்டன்சத்திரத்துக்காரர் டாக்டர் ரங்கசாமி வந்தார். நல்ல மனிதர். யாரையும் 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவார், மெமோ கொடுக்கும்போதும். வந்த ஒரு வாரத்தில் என்னை அழைத்து, "ஏனுங்க ஞானராஜ், இத்தனை பெரிய ஆஸ்பத்திரி. ஒரு வார்டுல நடக்கிறது அடுத்த வார்டுக்குத் தெரியறதில்லீங்க. மாசம் ஒரு செய்தித்தாள் போடுங்க. தலைமையப் பத்தி, ஊழியர்களப் பத்தி, ஒரே பக்கம். வார்டுக்கு வார்டு ஒட்டிப்போடலாமுங்க" என்றார். நான் பணியாளர் பிரிவு எழுத்தர். இருபது வருடமாக நான் எழுதியதெல்லாம் 'பார்வையில் காணும் கடிதத்தின்படி' என்று தொடங்கி 'தங்கள் கனிவான கவனத்திற்கு' என்று முடிபவை. இருந்தாலும் மறுக்க முடியுமா? பத்திரிகை ஆசிரியர் ஆகிவிட்டேன் என்று ரூபியிடம் சொன்னேன். பத்திரிகைக்காரருக்கு கேஸ் சிலிண்டர் சீக்கிரம் கொடுப்பார்களா என்று கேட்டாள்.

முதல் இதழில் 'நமது புதிய தலைமை' என்ற செய்தியை அவரே சொல்ல, நான் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் குண்டு எறிதலில் இரண்டாம் பரிசு வாங்கியது வரை வந்ததில் முக்கால் பக்கம் தீர்ந்துவிட்டது. மிச்சமுள்ள கால் பக்கத்துக்கு ஊழியர் செய்தி வேண்டும். ஒரு வார்டிலும் ஒரு செய்தியும் இல்லை. எனக்கு முன் இந்த இருக்கையில் இருந்த பரணி, இந்த வருட ஆரம்பத்தில் மாற்றலாகிப் போகும்போது விட்டுச்சென்ற ஃபைல்களைப் புரட்டினேன். 'ஓய்வு பெறுவோர்' என்று தலைப்பிட்ட ஒரு தாளில் ஒரே ஒரு வரி இருந்தது: செபாஸ்தியம்மாள், ஜூலை 31.

எங்கள் ஆஸ்பத்திரியில் செபாஸ்தியம்மாள் யார் என்று வாசலில் பழம் விற்கிறவரைக் கேட்டாலும் சொல்வார். பெண்கள் அறுவை சிகிச்சை வார்டின் தலைமை நர்ஸ். அவர் வராந்தாவில் நடந்து வந்தால் கட்டிலுக்கு அடியில் சொந்தக்காரர்கள் ஒளித்த சாப்பாட்டுத் தூக்கு தானாக வெளியே வரும். நான் உடனே எழுதினேன்: 'கண்டிப்பும் கனிவும் ஒருங்கே அமைந்த நமது அன்பிற்குரிய செபாஸ்தியம்மாள் சிஸ்டர் இம்மாத இறுதியில் ஓய்வு பெறுகிறார். அவர் பிரிவால் ஆஸ்பத்திரியே கலங்கி நிற்கிறது.' சூப்பிரண்டன்ட் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க, மனசத் தொடுதுங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

அப்போது சிஸ்டர் ஊரில் இல்லை. தங்கை மகள் பிரசவத்துக்காக மூன்று வாரம் விடுப்பில் திருச்சிக்குப் போயிருந்தார். இதழை ஒட்டிய அன்று ஆஸ்பத்திரி எப்படிக் கலங்கி நின்றது தெரியுமா மச்சான்? வார்டு ஊழியர் மூக்கையா கேன்டீனில் இருந்தவர்களுக்கெல்லாம் வடை வாங்கிக்கொடுத்தார். பயிற்சி டாக்டர் நூர் முகமது, சிஸ்டர் கண்ணில் படாமல் இருக்க ஒரு வருடமாகப் பின்பக்கப் படியில் ஏறிக்கொண்டிருந்தவர், மறுநாள் முன்வாசல் வழியாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அடுத்த வாரமே நோயாளிகளுக்குச் சமையலறையிலிருந்து சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வரும் வெஞ்சனம் பாதியாகிவிட்டது. பார்வையாளர்கள் எந்த நேரமும் வந்தார்கள். அய்யலூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், நோயாளி மனம் ஆறட்டும் என்று அவள் வளர்த்த ஆட்டுக்குட்டியையே வார்டுக்குள் கொண்டுவந்து காட்டியது. இதற்கிடையே பிரிவு உபசாரக் கமிட்டியும் போட்டார்கள். சிஸ்டருக்குப் பயந்தவர் எல்லாரும் அதில் உறுப்பினர். சுவர்க் கடிகாரம் வாங்கி, 'செபாஸ்தியம்மாள்' என்று பேர் பொறித்து வைத்தார்கள். டாக்டர் நூர் முகமது வாழ்த்துரை எழுதினார்.

ஜூலை 27, திங்கட்கிழமை சிஸ்டர் விடுப்பு முடிந்து வந்தார். கேட்டில் வாட்ச்மேன் சல்யூட் வைத்து, "ரிட்டையர்மென்ட்டு நல்லபடியா அமையட்டும் சிஸ்டர்" என்றிருக்கிறார். வேறு யாராவது என்றால் அங்கேயே கத்தியிருப்பார்கள். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே வந்து, அன்று முழுக்க வார்டு வார்டாக நடந்து, எல்லாரும் சொன்னதைக் கேட்டிருக்கிறார். போகிறவர்தானே என்று ஆளாளுக்கு மனம் திறந்து பேசிவிட்டார்கள். மூக்கையா, "மனசுல வச்சுக்கிறாதீங்க சிஸ்டர், பதினோரு வருசமா ஒங்களுக்கு 'இடி'ன்னுதான் பேரு வச்சிருந்தோம்" என்று கண் கலங்கச் சொன்னாராம். சாயங்காலம் நாலு மணிக்கு என் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

"ஞானராஜ், நான் ரிட்டையர் ஆகுறேனாமே?"

"ஆமா சிஸ்டர். நாங்க எல்லாரும் ரொம்ப…"

"கலங்கி நிக்கிறீங்க. படிச்சேன். எம் பதிவேட்ட எடு."

எடுத்தேன். அதில் ஓய்வு பெறும் நாள் 2001 என்று இருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. பரணியின் தாளை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். அதுவரை இறுக்கமாக இருந்த முகம் சற்று மாறியது.

"இந்த ஆஸ்பத்திரில எம் பேருல இன்னொருத்தி இருக்காளே, ஒனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை, மச்சான். சம்பளப் பட்டியலில் மாதாமாதம் அந்தப் பேரையும் நான்தான் எழுதுகிறேன், ஆனாலும் தெரியவில்லை. பின்கட்டில் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவர். சித்தையன்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸுக்கு வந்து, எல்லா வார்டுத் துணியையும் வெளுத்துக் காயப்போட்டு மடித்து அனுப்பிவிட்டுப் போவார். யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. துணி மட்டும் வரும்.

சிஸ்டர் சொன்னார்: "எனக்குன்னு வச்ச கூட்டம் அப்படியே நடக்கணும். அதே மேடை, அதே மாலை. பெரிய டாக்டரும் வரணும். எல்லாம் அவளுக்கு. நடந்துச்சுன்னா இந்தப் பேப்பரப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன். நடக்கலன்னா எழுத்துல குடுப்பேன்."

மறுநாள் நானே சலவைக்கூடத்துக்குப் போனேன். அந்த அம்மா கல்லில் ஒரு பச்சைத் துணியை அலசிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். பிறகு, "எனக்கா?" என்றார்.

"உங்களுக்குத்தாம்மா. வெள்ளிக்கிழமை."

"பெரிய டாக்டரு வருவாரா?"

"வருவார். போட்டோவும் எடுப்பாங்க."

செத்த நேரம் யோசித்தார். "அப்ப சரி" என்று அடுத்த துணியை எடுத்தார். இவ்வளவு அடக்கமான ஒருவரை என் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சூப்பிரண்டன்ட் ஒரு மணி நேரம் கோபித்து, 'ஏனுங்க' போட்டு ஒரு மெமோ தட்டச்சு செய்யச் சொன்னார். அதைத் தட்டச்சு செய்ய வேண்டியவனும் நானே. பாதியில் அவருக்கே மனம் மாறி, "கூட்டம் நல்லபடியா நடந்தா கிழிச்சுப்போடுங்க" என்றார். அந்தக் கூட்டம் வெள்ளிக்கிழமை சாயங்காலம், தங்கள் வீட்டில் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்த அதே நேரம். நான் எப்படி வருவேன்?

கூட்டத்தை என் கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன், இதுவரை இந்த ஆஸ்பத்திரியில் அப்படி ஒன்று நடந்ததில்லை. கமிட்டிக்காரர்கள் எல்லாரும் முதல் வரிசையில் சிஸ்டருக்குப் பக்கத்தில் உட்காரவைக்கப்பட்டு, அசையாமல் இருந்தார்கள். சலவைக்கூடத்து அம்மா சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையில், ஈரத்தில் ஊறிச் சுருங்கிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு பெரிய நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் நூர் முகமது வாழ்த்துரையை முழுதாக மாற்ற நேரமில்லாமல், "இவர் போட்ட ஊசி வலித்ததே இல்லை" என்று படித்துவிட்டு நிறுத்தி, தண்ணீர் குடித்தார். அந்த அம்மா பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

பிறகு சிஸ்டர் எழுந்தார். தாளெல்லாம் இல்லை.

"இருவது வருசம் தியேட்டர்ல நின்னுருக்கேன். டாக்டரு வராம ஆபரேஷன் நின்னுருக்கு. கரண்டு இல்லாம நின்னுருக்கு. துணி வரலன்னு ஒருநாளும் நின்னதில்ல. ஒரு ஐப்பசியில ஒம்போது நாளு வெயிலே இல்ல. அந்த ஒம்போது நாளும் சமையக்கட்டு பாய்லர் பக்கத்துல கொடி கட்டி, ராவும் பகலும் நின்னு காயவச்சுக் குடுத்தா. அன்னைக்கு யாரும் நன்றின்னு சொல்லல. நானும் சொல்லல. இன்னைக்குச் சொல்றேன்."

இடி என்று பேர் வாங்கியவர் குரல் கடைசி வார்த்தையில் உடைந்தது. மூக்கையா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எனக்கும் அப்படித்தான் இருந்தது, மச்சான். அவமானமும் சேர்ந்துகொண்டது.

ஏற்புரைக்கு அந்த அம்மாவை அழைத்தோம். மைக்கை யாரோ அவர் உயரத்துக்கு இறக்கிவைத்தார்கள். எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "டாக்டருமாரு கோட்டுப் பையில பேனாவ மறந்து விட்டுறாதீங்க. மை போக மாட்டேங்குது" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சூப்பிரண்டன்ட் தன் பையைத் தடவிப் பார்த்ததை நான் கவனித்தேன். ஆஸ்பத்திரி ஜீப்பிலேயே அவரைச் சித்தையன்கோட்டைக்குக் கொண்டுபோய் விட்டோம். கடிகாரத்தை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு போனேன். தெருவே வாசலில் நின்று பார்த்தது.

திரும்பி வந்ததும் சூப்பிரண்டன்ட் மெமோவைத் தானே கிழித்து, "ஏனுங்க, இதத்தான் நான் எதிர்பார்த்தேன்" என்றார். இரண்டாம் இதழில் முழுப் பக்கமும் அந்த அம்மாதான். நாளைக் காலை ஒட்டுகிறோம். ஒரு தப்பு செய்தாலும் அதை நேர்செய்து, முப்பது வருடம் யார் கண்ணிலும் படாத ஒருவரை முறைப்படி, மரியாதையோடு வழியனுப்பிவைத்தோம் என்ற நிம்மதியோடு இதை எழுதுகிறேன்.

இனி ஒரு தாளைக்கூடச் சரிபார்க்காமல் நம்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும். தங்கள் வீட்டில் எந்நாளும் விருந்தும் சமாதானமும் நிலைக்க அன்னை மரியாள் துணையிருக்கட்டும்.

என்றும் தங்கள் அன்பை நாடும்,
ஞானராஜ்

பின்குறிப்பு: திங்கள் காலை, ஆபீஸிலிருந்து. இதைத் தபாலில் சேர்க்கலாம் என்று பையில் கொண்டுவந்தேன். வாசலில் மூக்கையா ஓடி வந்து, சலவைக்கூடத்தில் கொடி நிறையத் துணி காய்கிறது என்றார். போய்ப் பார்த்தால் அந்த அம்மா கல்லடியில் நிற்கிறார். "ஏம்மா, வெள்ளிக்கிழமையோட ஓய்வு ஆயிருச்சே" என்றேன். "இல்லையே தம்பி, எனக்கு அடுத்த வருசம் ஜூலைதான்" என்கிறார். ஓடிப்போய் அவர் பதிவேட்டை எடுத்தேன். அவர் சொன்னதுதான் சரி. பென்ஷன் தாள்களை ஒரு வருடம் முன்னதாகவே தயாரிக்க வேண்டும் என்று, அடுத்த வருடம் ஓய்வு பெறுவோரைப் பரணி வருடம் போடாமல் எழுதிவைத்த பட்டியல் அது. இரண்டாம் இதழை எல்லா வார்டிலும் ஒட்டியாகிவிட்டது. சூப்பிரண்டன்ட் இன்னும் வரவில்லை. மறுபடியும் கீழே போய், "தெரிஞ்சிருந்தும் அன்னைக்கே ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். அவர் துணியை உதறிக்கொண்டே சொன்னார்:

"சொல்லலாம்னுதான் இருந்தேன் தம்பி. பெரிய டாக்டரு வாராரு, போட்டோவெல்லாம் எடுப்பாகன்னு சொன்னீங்க. அடுத்த வருசம் ஒங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்குமோ இருக்காதோ."