புலி வீட்டுக்குப் போன பயிற்சி டீச்சர்

ஒரு காட்டில், ஓடைக்கு இந்தப் பக்கம், இரண்டு நாவல் மரத்துக்கு நடுவே ஒரு பாலர் பள்ளி நடந்துகொண்டிருந்தது. கரடிக்குட்டி, நரிக்குட்டி, மான்குட்டி எல்லாம் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடும். பள்ளிக்கூட வேலிக்குள் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது காட்டுச் சட்டம். வேலிக்கு வெளியே என்ன என்று சட்டம் சொல்லவில்லை. எழுதினவருக்கு ஏதாவது அவசரமாக இருந்திருக்கும்.

அந்தப் பள்ளிக்குச் செவ்வந்தி என்ற முயல் மூன்று மாதப் பயிற்சிக்கு வந்தாள். பயிற்சி முடிந்தால் சான்றிதழ். சான்றிதழ் கிடைத்தால் டீச்சர் வேலை. அவளைப் பழக்கிவிடும் பொறுப்பு கோமளம் டீச்சருக்கு. கோமளம் டீச்சர் ஒரு முள்ளம்பன்றி. பதினோரு வருஷ அனுபவம்.

செவ்வந்தி கெட்டிக்காரிதான். ஒரு குட்டி "அம்மாகிட்ட போகணும்" என்று உதட்டைப் பிதுக்கினால், அது மற்ற இருபது குட்டிக்கும் ஒட்டிக்கொள்வதற்குள் கைதட்டிப் பாட்டை ஆரம்பித்துவிடுவாள். பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும், அது லேசுப்பட்ட வித்தை இல்லை.

ஆனால் கடைசி மாதம் ஒரு படிவம் வந்தது. 'குடும்பச் சந்திப்புப் படிவம்'. ஒவ்வொரு குட்டியின் வீட்டுக்கும் போய், பெற்றோரிடம் பேசி, கையெழுத்து வாங்கி வர வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனாலும் சான்றிதழ் இல்லை.

செவ்வந்தி வீடு வீடாக ஏறி இறங்கினாள். குரங்கு வீட்டில் அம்மா கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் அப்பா பேனாவைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டார். கரடி வீட்டில் எல்லோரும் தூக்கம். எழுப்பி, கையில் படிவத்தைக் கொடுத்தால், அதைத் தலைக்கு வைத்து மறுபடி படுத்துவிட்டார்கள். உருவி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சிறுத்தை வீட்டுக்கு, அவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்த நேரம் பார்த்துப் போய் வந்தாள். எந்த வீட்டிலும் பாட்டைப் பற்றியோ படிப்பைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: "எம்புள்ள அங்க ஒழுங்காச் சாப்பிடுதா டீச்சர்?"

கடைசியில் ஒரு வீடுதான் பாக்கி. தர்ஷித் வீடு. தர்ஷித் புலிக்குட்டி.

"டீச்சர், அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நீங்க கூட வர்றீங்களா?" என்று கேட்டாள் செவ்வந்தி.

"நான் வந்தா அது உன் பயிற்சியா, என் பயிற்சியா?" என்றார் கோமளம் டீச்சர். "பதினோரு வருஷமா புலி வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். என் மேல ஒரு கீறல் இருக்கா, பாரு."

"இல்ல டீச்சர்."

"ஏன்னா எனக்கு முறை தெரியும். எழுதிக்கோ. வீட்டுக்குள்ள போனதும் முதுகைக் காட்டி உட்காரணும். உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பணும். அதுக்கு மேல பேசவே வேண்டாம். மரியாதை தன்னால வரும்."

செவ்வந்தி நோட்டில் எழுதிக்கொண்டாள். கோமளம் டீச்சர் அவளை மாட்டிவிடப் பார்க்கவில்லை. பாவம், தன் முதுகில் என்ன இருக்கிறது என்று அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை.

மறுநாள் சாயங்காலம் செவ்வந்தி புலிக்குகைக்குப் போனாள். தர்ஷித் அம்மா இரண்டு நாளாக வேட்டை கிடைக்காமல் வாசலில் படுத்திருந்தாள். முயலைப் பார்த்ததும் எழுந்தாள். கழுத்தில் தொங்கிய பள்ளிக்கூட அடையாள அட்டையைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"வாங்க டீச்சர், வாங்க. வீடு இப்படிக் கெடக்கேன்னு நெனைக்காதீங்க. போன வாரம் விருந்தாளிங்க வந்திருந்தாங்க" என்று உள்ளே கூட்டிப்போய், தரையில் கிடந்த எலும்புகளைக் காலால் ஒரு மூலைக்குத் தள்ளினாள்.

விருந்தாளிகள் எல்லோரும் அந்த மூலையில்தான் இருக்கிறார்கள் என்று செவ்வந்திக்குப் புரிந்துவிட்டது. வந்த வழியே ஓடலாம் என்றால் புலியின் ஒரே பாய்ச்சல்தான். நோட்டில் எழுதியது ஞாபகம் வந்தது. டக்கென்று திரும்பி, புலிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சிலுப்பத்தான் முடியவில்லை. நடுக்கமே சிலுப்பல் மாதிரி இருந்தது.

புலி மெல்லப் பக்கத்தில் வந்தது. பின்கழுத்தில் அதன் மூச்சு சுட்டது. ஒரு சொட்டு எச்சில் செவ்வந்தியின் காதில் விழுந்தது.

"டீச்சர்?"

செவ்வந்தி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

புலி அப்படியே நின்றது. பெற்ற வயிறு இல்லையா, பசியை முந்திக்கொண்டு மகனைப் பற்றிய கவலை வந்துவிட்டது. வீடு தேடி வந்த டீச்சர் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உடம்பெல்லாம் கோபத்தில் ஆடுகிறது.

"எம்புள்ள என்ன பண்ணித் தொலைச்சான் டீச்சர்?"

முயலின் முதுகு இன்னும் வேகமாக ஆடியது.

"யாரையாவது கடிச்சிட்டானா? மான்குட்டியையா? அன்னிக்கே சொன்னேன் டீச்சர், வேலிக்குள்ள வாயை வைக்காதேன்னு. அவங்க அப்பா குடுக்குற செல்லம்!"

குகையின் உள்பக்கத்திலிருந்து தர்ஷித் ஓடி வந்தான். வாசல் பக்கம் சுற்றி வந்து டீச்சர் முகத்தைப் பார்த்தான். செவ்வந்தியின் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றிக்கொண்டிருந்தது.

"அம்மா! டீச்சர் அழுறாங்க!"

செவ்வந்திக்கு உயிரே போய்விட்டது. பயந்தது தெரிந்துபோயிற்று, அவ்வளவுதான், இன்றைக்கு நாமும் அந்த மூலைக்குத்தான் என்று கண்ணை இறுக மூடினாள்.

"அழ வேற வச்சிட்டியாடா, படுபாவி!" என்று மகன் தலையில் ஒரு குட்டு வைத்தது புலி. "டீச்சர், மன்னிச்சிடுங்க. உண்மையைச் சொல்லிடுறேன். நீங்க வரையச் சொல்லிக் குடுத்த யானையை இவன் வரையல, நான்தான் வரைஞ்சேன். செல்போனைக் கையில குடுத்தாத்தான் சாப்பிடுறான். காலையில பல்லு விளக்கினான்னு சொன்னதும் பொய்தான். இனிமே ஒழுங்கா வளர்க்குறேன் டீச்சர். இவனை மட்டும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திடாதீங்க. வீட்டுல வச்சிக்கிட்டு என்னால முடியாது."

செவ்வந்தி திரும்பாமலே படிவத்தைத் தோளுக்கு மேலே பின்பக்கமாக நீட்டினாள். புலி பயபக்தியோடு வாங்கிக் கையெழுத்துப் போட்டது. கேட்காத இடத்திலும் இரண்டு கையெழுத்து போட்டது. "இந்தா, டீச்சரை ஓடை வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வா" என்று மகனையும் துணைக்கு அனுப்பியது.

அன்று ராத்திரிக்குள் சேதி காடெல்லாம் பரவிவிட்டது. "அந்த முயல் டீச்சர் இருக்காங்களே, யப்பா! என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. ஒரு வார்த்தை பேசல. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல" என்று தர்ஷித் அம்மா பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தாள்.

காலையில் கோமளம் டீச்சர் சான்றிதழை எடுத்து வைத்து எழுத உட்கார்ந்தார். "எல்லாம் எழுதியாச்சு. 'பயிற்சியாளரின் சிறப்புத் தன்மை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. கண்டிப்புன்னு எழுதட்டுமா? காடே அதைத்தான் பேசுது. நான் சொல்லிக் குடுத்த முறை எப்படி வேலை செஞ்சுது பாத்தியா?"

செவ்வந்தி நல்லவள். அவளுக்கு மனசு உறுத்தியது. "டீச்சர், உள்ளதைச் சொல்லிடுறேன். அது கண்டிப்பு இல்ல டீச்சர்."

"பின்ன?"

சொல்ல வாயெடுத்தாள். அந்நேரம் வேலிக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. தன் குட்டியை விட வந்த சிறுத்தை அம்மா, வழக்கமாக வேலியில் சாய்ந்துகொண்டு செவ்வந்தியைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டுகிறவள், இன்றைக்குப் பத்தடி தள்ளி நின்று ஆயாவிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்: "முயல் டீச்சர் உள்ள இருக்காங்களா? புள்ளைக்கு நகம் வெட்ட மறந்துட்டேன். திட்டுவாங்களோ?"

செவ்வந்தியின் இரண்டு காதும் நிமிர்ந்தன.

"சொல்லு, கண்டிப்பு இல்லேன்னா என்ன?" என்றார் கோமளம் டீச்சர், பேனாவைத் தூக்கியபடி.

"ரொம்பக் கண்டிப்பு டீச்சர்" என்றாள் செவ்வந்தி. "'ரொம்ப'வைச் சேர்த்துக்கோங்க."

பிள்ளைகளும், முக்கியமாகப் பெற்றவர்களும், இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது —

நீதி: முகத்தைக் காட்டி நடுங்கினால் கோழை; முதுகைக் காட்டி நடுங்கினால் கண்டிப்பான டீச்சர்.