கணக்கப்பிள்ளை குரலில் நான் கூப்பிட்ட பெரட்டு

அடுத்தவரைப் போலப் பேசிக் காட்டுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் இருப்பவர் ஒருமுறை சிரித்துவிட்டால் போதும், அதோடு நிறுத்தத் தெரியாது. எனக்கு அந்த வியாதி சின்ன வயதிலேயே முற்றிவிட்டது. அதற்கு மருந்து கிடைத்தது ஒரு மார்கழி விடியலில், எங்கள் தோட்டத்துக் கோயில் ஸ்பீக்கர் வழியாக.

என் மகள் இப்போது காதில் எதையோ மாட்டிக்கொண்டு தனியாகச் சிரிக்கிறாள். என்னவென்று கேட்டால், இரண்டு பேர் பேசுகிறார்களாம், வாராவாரம் அதே விளையாட்டுகளை விளையாடுகிறார்களாம், அதற்குப் பாட்காஸ்ட் என்று பெயராம், உனக்கெல்லாம் புரியாது அம்மா என்கிறாள். (புரியாதாம். கேட்டுக்கொள்ளுங்கள்.) தொண்ணூறுகளின் நடுவில், பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், நானும் கலாவும் செய்தது வேறென்னவாம்?

கலா என் அத்தை மகள். அவள் அப்பா, அதாவது என் மாமா, தோட்டத்துக் கோயிலின் பூசாரி. நான் பிள்ளைக் காம்பிராவில் வேலை பார்த்தேன். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. குழந்தைகளுக்குப் பாட்டுப் போட அங்கே ஒரு கேசட் ரெக்கார்டர் வைத்திருந்தார்கள். அதில் ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது. அந்தப் பட்டன்தான் எங்களைக் கெடுத்தது.

நிகழ்ச்சிக்கு 'ரொட்டியும் சம்பலும்' என்று பெயர் வைத்தோம். நான் ரொட்டி, கலா சம்பல். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு காம்பிராவில் உட்கார்ந்து பதிவு செய்வோம். கேசட் லயம் லயமாக, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள் ஒவ்வொன்றாக, சுற்றிவரும். மழை தகரத்தில் விழுந்த சத்தத்தில், ஆரம்பத்தில் கேட்டவர்கள் நாங்கள் ஏதோ பொரிக்கிறோம் என்று நினைத்தார்களாம். போகப் போகப் பழகிவிட்டது.

எங்களிடம் மூன்று விளையாட்டுகள் இருந்தன. ஒன்று, 'நிறுவை'. நான் சிரிப்புக்கு ஒரு பகிடி சொல்வேன், கலா அதைக் கொழுந்து மாதிரி நிறுப்பாள். "அஞ்சு கிலோ. தண்ணிக்கு ரெண்டு கிலோ வெட்டு. சாக்குக்கு ஒரு கிலோ வெட்டு." தராசடியில் தினமும் அந்த வெட்டை வாங்குகிற பெண்கள் இதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாவது, 'யாரு இது?'. தோட்டத்து ஆள் ஒருவரைப் போல நான் பேசுவேன், யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவது, 'மூணுல ஒண்ணு'. மூன்று செய்தி சொல்வோம். இரண்டு பொய், ஒன்று நிஜம்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாகச் சேர்த்தால் என்ன என்று கேட்டவள் கலா. (இதை இன்றுவரை மறுக்கிறாள்.) அப்படித்தான், தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற எங்கள் கணக்கப்பிள்ளை ஐயாவின் குரலில் மூன்று அறிவித்தல்கள் பதிவாயின. முதலாவது, இன்றைக்குப் பெரட்டு இல்லை. பெரட்டு என்றால், காலையில் எல்லோரும் ஓரிடத்தில் கூடி, யாருக்கு எந்த மலையில் வேலை என்று கேட்டுக்கொண்டு போவது. இரண்டாவது, நாளையிலிருந்து தோட்டத்தின் பெரிய அதிகாரியான தொரையே கூடை கட்டிக் கொழுந்து பறிப்பார். மூன்றாவது, என் மீசைக்கு நான் மை பூசுகிறேன். மூன்றாவதுதான் நிஜம்.

புதுக் கேசட் வாங்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. கோயில் பக்திப் பாட்டுக் கேசட் ஒன்றை எடுத்து, அதன் இரண்டாம் பக்கத்தில் பதிந்தோம். அப்பா முதல் பக்கத்தைத்தான் எப்போதும் போடுவார், மற்றப் பக்கத்தை மனுசர் கேட்டதே கிடையாது என்று கலா சத்தியம் செய்தாள். லயத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் மார்கழி பிறந்துவிட்டது. கேசட் கோயிலுக்கே திரும்பிப் போய்விட்டது. நான் அதை அடியோடு மறந்தேன், ஏனென்றால் எனக்குச் சம்பந்தம் வந்துவிட்டது.

அதுவும் யார் வீட்டிலிருந்து? கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்து. அவருடைய மகன் ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை பார்த்தார். ஒருநாள் பஸ்ஸில் நான் கண்டக்டரைப் போலக் கலாவிடம் பேசிக் காட்டியபோது, முன் சீட்டில் ஒரு முதுகு குலுங்கியது. அந்த முதுகு அவருடையது. எனக்கு அன்றைக்கே பிடித்துவிட்டது. கணக்கப்பிள்ளைக்குக் கீழே கங்காணியாக இருந்த என் அப்பாவுக்கோ இது எட்டாத இடம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இந்தக் கல்யாணம் நடக்காவிட்டால் நான் செத்தே போவேன் என்று நினைத்தேன். அந்த வயதில் அப்படித்தான் நினைக்க முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வியாழன். மார்கழி விடியலில் கோயில் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவது வழக்கம். பனி இறங்கியிருந்தது. மாமா தூக்கக் கலக்கத்தில் கேசட்டைத் திருப்பிப் போட்டுவிட்டார். மூன்று லயத்துக்கும் கேட்கிற மாதிரி ஒரு தொண்டை இரண்டு தரம் செருமியது.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இன்னைக்குப் பெரட்டு இல்ல. எல்லாருக்கும் முழுப்பேரு போடுறேன். போயிப் படுங்க. வெளங்குதா?"

முழுப்பேர் என்றால் முழுநாள் சம்பளம். மாமா வெலவெலத்துப் போய் வயரைப் பிடுங்கிவிட்டார். அங்கேதான் விதி விளையாடியது. தொரை கூடை கட்டுகிற செய்தி வரைக்கும் ஓடவிட்டிருந்தால், பகிடி என்று ஊருக்கே தெரிந்திருக்கும். முதல் செய்தியோடு நின்றதால் அது அரசாங்க உத்தரவு மாதிரி ஆகிவிட்டது.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா, தொப்பியைக் கழற்றி மாட்டிவிட்டுக் கம்பளிக்குள் புகுந்தார். அம்மா அடுப்படியிலிருந்து, "சம்பந்தியாகப் போறோம்னதும் மனுசனுக்கு மனசு எளகிருச்சு பாருங்க" என்றாள். பக்கத்து வீட்டுக் காம்பிராக்களில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நான் கோயிலுக்கு ஓடினேன். பாதி வழியில் கலா எதிரே ஓடிவந்தாள்.

உண்மையைச் சொன்னால் கல்யாணம் போச்சு. சொல்லாவிட்டால் தோட்டம் முழுக்க வேலை நின்று, பழி கணக்கப்பிள்ளை தலையில் விழும், அப்போதும் கல்யாணம் போச்சு. மூளை இருப்பவர்கள் அந்த இடத்தில் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். நாங்கள் யோசனை செய்தோம். அதே குரலில் நானே மறுபடி பேசி, பெரட்டு உண்டு என்று சொல்லிவிட்டால் ஒருவருக்கும் தெரியாமல் முடிந்துவிடும்.

மாமா ரெக்கார்டரைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். கலா வயரைத் திரும்பச் சொருகித் திருவிழா மைக்கை எடுத்து என் கையில் கொடுத்தாள். கணக்கப்பிள்ளை குரல் எனக்குச் சும்மா வராது. இடது கையை இடுப்பில் வைத்து, வயிற்றை முன்னே தள்ளி, தாடையை உயர்த்தினால்தான் வரும். அப்படியே நின்றேன். இரண்டு தரம் செருமினேன்.

"எல்லாரும் எழும்புங்க. முக்கியமான விசயம் ஒண்ணு சொல்லப் போறேன். வெளங்குதா?"

"வெளங்குது" என்றது என் முதுகுப் பக்கம் ஒரு குரல்.

கணக்கப்பிள்ளை ஐயா வாசலில் நின்றார். இடுப்பில் சாரமும் மேலே பனியனுமாக, வாயோரம் பற்பொடியோடு, மேடேறி ஓடிவந்ததில் மூச்சு வாங்க நின்றார். என் கை இன்னும் இடுப்பிலேயே இருந்தது. வயிற்றை உள்ளே இழுக்கவும் மறந்துபோனேன். அவர் மைக்கைப் பிடுங்கி, பெரட்டு உண்டு, எல்லாரும் வாங்க என்று அறிவித்தார். மூச்சிரைத்ததில் குரல் கீச்சென்று வந்தது.

கீழ் லயத்திலிருந்து ஒருவன் கத்தினான். "யார்ரா அது, கணக்கப்பிள்ளை மாதிரிப் பேசிப் பாக்குறது? கொஞ்சங்கூட ஒத்து வரலயே."

லயம் முழுக்கச் சிரிப்பு. அவர் மறுபடி முயன்றார். சிரிப்பு கூடியது, கதவு ஒன்றும் திறக்கவில்லை. அவர் மைக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மைக்கை என்னிடம் நீட்டினார்.

"நீயே கூப்பிடு."

அசல் ஆள் பக்கத்தில் நிற்க, அவர் குரலில் நான் பெரட்டுக் கூப்பிட்டேன். கதவுகள் திறந்தன. என் அப்பா முணுமுணுத்துக்கொண்டே தொப்பியோடு இறங்கிப் போவது அங்கிருந்தே தெரிந்தது. தாமதத்துக்குக் காரணம் கேட்ட தொரையிடம், கோயில் ஸ்பீக்கரில் கோளாறு என்று சொன்னாராம் கணக்கப்பிள்ளை. அது பொய்யும் இல்லை. கேசட்டை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குள் கதை லயமெல்லாம் பரவியிருந்தது. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரும் வரமாட்டார்கள் என்று பலகாரமும் சுடவில்லை. நான் பழைய சீத்தைத் துணிச் சட்டையோடு மூலையில் குந்தியிருந்தேன். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். கணக்கப்பிள்ளையின் மீசை முழுக்க வெள்ளையாக இருந்தது. மூன்றாவது செய்தி வரைக்கும் கேட்டுவிட்டார் என்று அதைப் பார்த்ததுமே புரிந்தது.

வழக்கப்படி அவர் மனைவி என்னை ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். கணக்கப்பிள்ளை கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேணாம். கேட்டாச்சு. தோட்டமே கேட்டாச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு. வார்த்தைக்கு வார்த்தை 'வெளங்குதா'ன்னு நான் எங்க சொல்றேன்? அப்படிப் பேசுற ஆளே இல்ல நானு. வெளங்குதா?"

அவர் மகன் சட்டென்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த வியாழக்கிழமை விடியலில், ஸ்பீக்கர் குரலைக் கேட்டு "யாரைக் கேட்டு லீவு குடுக்கிறீங்க" என்று கோயில் திசையைப் பார்த்து அந்த அம்மா சத்தம் போட்டாராம். பின்கட்டிலிருந்து பற்பொடி வாயோடு புருசன் எட்டிப் பார்த்ததும், அடுப்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாராம். பல வருசமாக அந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்ததில்லை என்று என் கணவர் பிற்பாடு சொன்னார். சம்பந்தத்தை முடித்துவைத்தது அந்தச் சிரிப்புத்தான் என்று எனக்கு எண்ணம். என் மாமனார் இதைப் பற்றி இதுவரை வாய் திறக்கவில்லை.

மாமனாருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. மலையிலிருந்து மலைக்குக் கேட்ட குரல், பக்கத்து அறைக்கே எட்டுவதில்லை. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. அவர் மகன், அதாவது என் கணவர், தண்ணீர்ப் பைப்பைத் திறந்துபோட்டு வந்தாலோ, மருந்து வாங்க மறந்தாலோ, என்னைத்தான் கூப்பிடுவார்.

"மருமகளே, இவனத் திட்டணும். எனக்குச் சத்தம் வருதில்ல. நீ திட்டு."

நான் இடுப்பில் கை வைத்து, இரண்டு தரம் செருமி, ஆரம்பிப்பேன். ஐம்பது தாண்டிய மனுசன், அப்பா குரல் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுவார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். அந்த ஓட்டத்திலேயே, மாமனார் சொல்லச் சொல்லாத என் சொந்தக் குறைகள் நாலைந்தையும் சேர்த்துத் திட்டிவிடுவேன். இத்தனை வருசத்தில் ஒருதரம்கூட, "இதெல்லாம் நான் சொல்லச் சொல்லலியே" என்று அவர் மறுத்ததில்லை.