பன்னிரண்டாயிரம் வீட்டுக்கு ஒரு ஹீட்டர்

ஐரோப்பாவில் எந்த நாட்டு வீடு எவ்வளவு மின்சாரமும் விறகும் தின்கிறது என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வருகிறது. குறைவாகத் தின்பவர்கள் வரிசையில் எங்கள் போர்ச்சுகல் எப்போதும் முன்னால் நிற்கும். மற்ற தேசத்தார் இதைச் சிக்கனம் என்று புகழ்கிறார்கள். ஜனவரியில் கோட்டோடு படுத்துக் கோட்டோடு எழும் நாங்கள் இதைக் குளிர் என்கிறோம்.

அந்தக் குளிரில் தியோலிந்தாவின் கணவர் ஃபிர்மீனுவுக்கு மூன்று வாரமாக விடாத இருமல். பொறுத்துப் பார்த்தவள், கடைக்குப் போய் ஒரு மின்சார ஹீட்டர் வாங்கி வந்தாள். மறுநாளே தலைநகரிலிருந்து டாக்டர் நொரோன்யா வந்து நின்றார். எங்கள் நாட்டில் பட்டம் வாங்கி மேசை போட்டு உட்கார்ந்த எவரும் டாக்டர்தான். இவர் புள்ளிவிவரத் துறை. கணக்கெடுப்புக்குப் பொறுக்கிய மாதிரி வீடுகளில் தியோலிந்தா வீடும் ஒன்று.

"அம்மா, நேத்து ஹீட்டர் போட்டீங்களா?"

"ஒரே ஒரு மணி நேரம் ஐயா."

"எங்க கணக்குல உங்க வீடு பன்னிரண்டாயிரம் வீட்டுக்குச் சமம். பன்னிரண்டாயிரம் மணி நேரம் எரிச்சிருக்கீங்க. நாடே ஒரு படி இறங்கிடும்."

"அப்போ இவரு இருமினா பன்னிரண்டாயிரம் பேரு இருமுறாங்களா?"

"இருமல் சுகாதாரத் துறைம்மா. எங்க படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல."

"ஃபின்லாந்துக்காரன் வேர்த்துக் கொட்டுறதுக்குன்னே வீட்டுக்குள்ள ஒரு அறை வெச்சிருக்கானாமே?"

"அதான் பட்டியல்ல அடியில கிடக்கான், பாவம்."

தேச நலனை முன்னிட்டு மேற்படி ஹீட்டருக்கு அரக்கு முத்திரை வைக்கப்பட்டது. தியாகத்தைப் பாராட்டி நகர மன்றத்தில் விழாவும் எடுத்தார்கள். மன்றம் வீட்டுக் கணக்கில் வராது என்பதால் அங்கே ஆறு ஹீட்டர்கள் எரிந்தன. எங்கள் ஊரே திரண்டு போனோம். மாலையில் கோட்டைக் கழற்றி எத்தனை நாளாயிற்று! டாக்டர் இரண்டு மணி நேரம் பேசினார், ஒருவரும் எழவில்லை. ஃபிர்மீனு இருமாமல் தூங்கிப்போனார்.

"யாருக்காவது குறை இருந்தா சொல்லலாம்" என்றார் டாக்டர்.

முத்திரையை எடுக்கச் சொல்லி எழுதிய மனுவோடு தியோலிந்தா எழுந்தாள். நாலு பக்கமிருந்தும் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தோம்.

"உக்காரு தியோலிந்தா. சண்டை வந்தா விழாவை முடிச்சு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அவள் தூங்கும் கணவரைப் பார்த்தாள். மனுவை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"குறை ஒண்ணும் இல்ல ஐயா. உங்க பேச்சை முதல்லேருந்து இன்னொரு தடவை சொல்லுங்க."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.