ஆம்பிளிபையர் குணமான விவரம்

குனோங் ராபாட், ஈப்போ
14.8.1979

அன்புள்ள சின்னையா அண்ணனுக்கு,

தங்கை நவமணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மனிதர்கள் எல்லோரும் நலம். நலமில்லாமல் இருந்தது உங்கள் மாப்பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரரின் பேஸ் கிட்டார் ஆம்பிளிபையர் மட்டும்தான். உங்கள் பாப்பா கல்யாண விருந்துக்கு யாருடைய பேண்ட் வாசிக்கும் என்று சம்பந்திக்கு வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்றும், "எங்க மாப்பிள்ளை பேண்ட் இருக்கையில சித்தியவான்லேர்ந்து ஆள் எதுக்கு?" என்று அவரிடம் ஏற்கெனவே பெருமை பேசிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆகவே விவரமாக எழுதுகிறேன்.

போன மாதம் பெட்டி உறுமத் தொடங்கியது, பிறகு பியூஸ் போனது, இவர் புதுப் பியூஸ் வாங்காமல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போட்டார், பியூஸ் பிழைத்தது, அதற்குப் பதிலாக ஸ்பீக்கருக்குச் சக்தி தரும் பவர் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் போயின. "கெட்டுப்போய் ரோசாக்லாம் ஆகலலா, சும்மா சூடு," என்றார், புகைக்கு நடுவே நின்றுகொண்டு. ஸ்பீக்கராவது பிழைக்கட்டும் என்று அதைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தார். இந்த விவகாரத்தில் அவர் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

காலேஜில் பிசிக்ஸ் படித்த பாவத்துக்கு மற்றதெல்லாம் என் தலையில் விழுந்தது. நூறு வாட் பல்பு ஒன்றை நடுவில் தொடுத்து அதன் வழியாகக் கரண்ட் கொடுத்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். எரிந்தது. டிரம் அடிக்கும் பத்துமலை கைதட்டினார். "பாருங்கக்கா, உயிர் வந்துருச்சு!" டிரான்சிஸ்டர்களை மாற்றினேன், அப்போதும் எரிந்தது, பிறகுதான் அவற்றின் அடியில் கரண்ட் கசியாமல் தடுக்கும் மைக்கா தகடுகளை இவர் அழுக்கு என்று சுரண்டி எறிந்திருந்தது தெரிந்தது, புது மைக்கா வைத்ததும் பல்பு மங்கியது.

"செத்துருச்சேக்கா," என்று பத்துமலை தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இல்ல தம்பி, மங்கினாத்தான் நல்லது."

"படிச்சவங்க கணக்கே தனிலா."

பல்பை எடுத்துவிட்டு நேராகக் கரண்ட் கொடுத்தோம். பியூஸ் போகாமல் நின்றது. உறுமல் துளியும் இல்லை. கிட்டார் பத்துமலை வீட்டில் இருந்ததால் மூவரும் பெட்டியின் முன் உட்கார்ந்து அந்த அமைதியையே கேட்டுக்கொண்டிருந்தோம். கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த வீட்டில் நான் அப்படியோர் அமைதியைக் கேட்டதில்லை. சித்தியவான் பேண்ட் வேண்டாம் என்று சம்பந்திக்குத் தைரியமாகச் சொல்லிவிடுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. பாப்பா எங்கள் ஆசிகளோடு சீரும் சிறப்புமாக வாழட்டும்.

தங்கை,
நவமணி ஜெயபாலன்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். கிட்டார் வந்தது. இவர் மாட்டி வாசித்தார்; அதே அமைதி. ஸ்பீக்கர் இன்னும் கட்டிலுக்கடியிலேயே இருந்திருக்கிறது. எடுத்து மாட்டினோம். உறுமல் திரும்பிவிட்டது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா வந்து, வாசலில் நிற்பது யாருடைய லாரி என்று கேட்டுவிட்டுப் போனார். சம்பந்தி சொல்லும் சித்தியவான் பேண்டே வரட்டும். அவர்கள் ஆம்பிளிபையரில் இவர் கிட்டாரைச் சொருக ஒரு ஓட்டை காலியாக இருக்குமா என்று மட்டும் கேட்டுவையுங்கள். மாப்பிள்ளை பேண்ட் இல்லாவிட்டாலும் பேண்டில் மாப்பிள்ளை இருப்பார்.